குளத்துத் துணி

காரைக்காலில் பன்னிரண்டு வருடம் ஒரு கொக்கு படம் போட்டது. ‘மடைவாய்’ என்று மாதமிருமுறை வந்துகொண்டிருந்த சின்னப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், நாலு கட்டத்தில் ஒரு படக்கதை இருக்கும். பேச்சுக் கிடையாது, ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. நாலாவது கட்டத்தின் மூலையில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். கையெழுத்து அதுதான். அந்தக் கொக்கு யார் என்று டீக்கடைகளில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் என்றார்கள். வேலை போன வாத்தியார் ஒருவர் என்றார்கள். கட்சிக்காரர் ஒருவர், அது தான்தான் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் ஓசி டீ குடித்தார். ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் சொல்தா வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர், குடையைப் பிடித்துக்கொண்டு தெருவோரமாக நடந்துபோகிற சுசான் என்று சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். சுசானின் அப்பா ஆந்த்ரே அப்படி வந்தவர். அறுபத்திரண்டில், பிரெஞ்சுக்காரர்களாக இருக்கப்போகிறீர்களா, இந்தியர்களாக இருக்கப்போகிறீர்களா என்று சர்க்கார் கேட்டபோது, வீட்டில் எல்லோரும் பிரெஞ்சுப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். சுசானுக்கு அப்போது இருபத்தாறு வயது. பப்பா போடச் சொன்னார், போட்டாள். பப்பா செத்துப்போனார், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், தம்பி ஆர்மான் பிரான்சுக்கே போய்விட்டான். காரைக்காலில் பிறந்து, காரைக்கால் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடித்தறியாத சுசான் மட்டும், காகிதத்தில் வெளிநாட்டுக்காரியாக அந்த வீட்டில் தனியாக மிஞ்சினாள். வெளிநாட்டுக்காரி உள்ளூர் அமைச்சரைக் கிண்டல் பண்ணிப் படம் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கொக்கு.

உண்மை தெரிந்தவர் ஒருவர்தான். ‘மடைவாய்’ பத்திரிகையை நடத்தியவரும், அதை அச்சடித்த பிரஸ்ஸின் முதலாளியும், அங்கே மை துடைக்கிற தொழிலாளியும் எல்லாம் ஒருவரே. அவர் பெயர் மீரா சாகிப். படத்துக்குப் பிளாக் செய்ய வெளியூருக்கு அனுப்பினால் கட்டுப்படியாகாது என்று அவர் கையைப் பிசைந்தபோது, சுசான் பப்பாவின் அறையில் தரைக்குப் போட்டிருந்த பழைய லினோலியம் விரிப்பைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் பேனாக்கத்தியால் படத்தைச் செதுக்கி, மரக்கட்டையில் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். பப்பாவின் அறை பாதி வெறுந்தரை ஆகிற வரைக்கும் அந்த விரிப்பு வந்தது.

படக்கதையில் எப்போதும் ஒரே ஆள்தான். குள்ளமாக, தலையைவிடப் பெரிய கொண்டை போட்ட ஒரு கூலிக்காரப் பெண். ஊர் அவளுக்குக் கொண்டைக்காரி என்று பெயர் வைத்தது. முதல் படத்தில் அமைச்சர் ஒருவர் ரிப்பன் வெட்டிக் குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்தார். குழாயில் காற்றுதான் வந்தது. கொண்டைக்காரி, அமைச்சரின் வியர்வையில் நனைந்து கிடந்த ரிப்பனைப் பிழிந்து குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். இன்னொன்றில், வாய்க்கால் தூர் வாரியாகிவிட்டது என்று பெரிய போர்டு வைத்திருந்தார்கள். கொண்டைக்காரி அந்தப் போர்டைப் பிடுங்கி, அதைக் கொண்டே வாய்க்காலைத் தூர் வாரினாள். ஊர் சிரித்தது. தெருவில் போகும்போது டீக்கடைச் சிரிப்பு சுசானின் காதில் விழும். நின்று கேட்க ஆசையாக இருக்கும். ஒரு பெண்பிள்ளை டீக்கடை வாசலில் எப்படி நிற்பது? குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் கிடையாது. ஒவ்வோர் இதழ் வந்ததும் அவள் மீரா சாகிப்பிடம் கேட்பாள், “சிரிச்சாங்களாண்ணே?” “சிரிச்சானுவ தங்கச்சி, நல்லாவே சிரிச்சானுவ,” என்பார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் பதினைந்து நாள் ஓட்டுவாள்.

எழுபத்தைந்தில் எமர்ஜென்சி வந்தது. மீரா சாகிப் பத்திரிகையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, இருபத்தோரு மாதம் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் மட்டும் அடித்தார். செதுக்குவதற்கு ஒன்றுமில்லாமல் சுசானுக்குக் கை பரபரத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிரஸ்ஸுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். அப்போதுதான் மூலையில் கிடந்த மூட்டை அவள் கண்ணில் பட்டது.

மெஷினில் மை துடைக்கிற கழிவுத்துணி மூட்டை அது. பிரித்துப் பார்த்தால் பட்டுக்கரை இருந்தது, சுங்குடி இருந்தது, ஒரே ஒரு தடவை கட்டிய மாதிரி வேட்டி இருந்தது. இவ்வளவு நல்ல துணியை யார் கழித்துப் போட்டார்கள் என்று கேட்டாள்.

“திருநள்ளாத்துக் குளத்துத் துணிம்மா,” என்றார் மீரா சாகிப். “சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு, கட்டுனதப் படியிலயே வுட்டுட்டுப் போயிருவாங்கள்ல? குத்தகைக்காரன் வாரி மூட்டை கட்டி விக்கிறான். இங்கெ மை தொடைக்கத்தான். வேற யாரு தொடுவா அத?”

யாரும் தொட மாட்டார்கள் என்பது காரைக்காலில் குழந்தைக்கும் தெரியும். சனி பிடித்தவர்கள் நளன் குளத்தில் முழுகி, தங்களைப் பிடித்ததைத் துணியோடு உரிந்து போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் போவார்கள். அந்தத் துணியை மிதிக்கக்கூட மாட்டார்கள். சுசானுக்கு அதெல்லாம் அடுத்த வீட்டு விஷயம். அவள் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குப் போகிறவள், அதையும் பழக்கத்துக்காகத்தான் போனாள். மூட்டையிலிருந்து நிறம் நிறமாகப் பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தைத்தாள். கொண்டைக்காரிக்கு முதன்முதலாக நிறம் கிடைத்தது. ஊர் கழித்துப் போட்ட கெட்ட காலத்தையெல்லாம் தான் சேர்த்துத் தைப்பதாக நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்.

எமர்ஜென்சி முடிந்து பத்திரிகை மறுபடி வந்த வருடம், நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் நோட்டீஸ் அடிக்க பிரஸ்ஸுக்கு வந்தாள். பெயர் அல்லி. நடவு வேலைக்காரி, முப்பது வயதிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பக்கத்துப் பெண்களெல்லாம் அவள் சொன்னால் கேட்பார்கள். மேஜையில் ஈரம் காயாமல் கிடந்த கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

“இத யாரு போடுறா? நாத்து நடுறதப் பாத்ததே இல்லியா அவங்க?”

மீரா சாகிப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏம்மா, என்ன கொறச்சல்?”

“நாத்து முடிய எடது கையில புடிச்சுக்கிட்டு வலது கையாலதான நடுவோம்? இதுல பாருங்க, மாத்திப் புடிச்சிருக்கா. அருவாளும் எடது கையில. எல்லாருமே எடது கைக்காரங்களா இந்த ஊர்ல?”

மூலையில் உட்கார்ந்திருந்த சுசானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டையில் செதுக்கியது தாளில் விழும்போது இடம்வலம் மாறிப்போகும். எழுத்து இருந்தால் திருப்பிச் செதுக்கியிருப்பாள். எழுத்தே இல்லாத படம்தானே என்று அந்த நினைப்பே வராமல் இத்தனை வருடம் செதுக்கித் தள்ளியிருக்கிறாள். படித்தவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. சுசான் எழுந்து வந்து, “நான்தான் போடுறேன்,” என்றாள். எவரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாதவளிடம் சொல்லிவிட்டாள்.

அல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்களாங்க? இது எங்க செல்லம்மா அச்சா அப்புடியே இருக்கு. அதுவும் இப்புடித்தான் கொண்டை போடும்,” என்றாள்.

அன்றிலிருந்து பிளாக் செதுக்குமுன் படம் அல்லியிடம் போயிற்று. வாரத்தில் ஒருநாள், காரைக்காலுக்கு வருகிற நாளில், சுசான் வீட்டுக்கு வருவாள். ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டவள் மூன்றாம் தடவை ‘அக்கா’ என்றாள். அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். படத்தைப் பார்த்து எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்ணால் பார்க்க சுசானுக்கு நாற்பத்தொரு வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்மான் பிரான்சிலிருந்து, “அங்கே தனியாக என்ன செய்கிறாய், புறப்பட்டு வா,” என்று எழுதியபோது, வேலை இருக்கிறது என்று பதில் போட்டாள். வேலை என்று அவள் எழுதியது அல்லியைத்தான்.

அந்த வருடங்களில் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மதுவிலக்கு. இந்தப் பக்கம் கடை திறந்து கிடந்தது. அங்கே தாகம் எடுத்தவர்களெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டு இங்கே வந்தார்கள். அல்லியின் ஊருக்கு வெளியே, பெண்கள் வேலைக்குப் போகிற மதகுப் பாதையில் ஒரு சாராயக்கடை வந்து உட்கார்ந்தது. கடையை அந்தப் பாதையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெண்கள் மறியல் செய்யத் தீர்மானித்தார்கள். பத்திரிகையில் கொண்டைக்காரியும் மூன்று இதழாகச் சாராயக்கடையோடு மல்லுக்கு நின்றாள்.

“பேப்பர் ஆம்பளைங்க கையோட போயிருதுக்கா,” என்றாள் அல்லி. “டீக்கடையில பாக்குறாங்க, வடையச் சுத்துறாங்க. எங்க கைக்கு வர்றப்ப வெறும் எண்ணெயாத்தான் வருது. துணியில பெருசா போட்டுக் குடுங்க. நாங்க தூக்கிட்டுப் போறோம்.”

சுசான் நாற்பது நாள் தைத்தாள். பன்னிரண்டு கஜ நீளம், நாலு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஆளுயரக் கொண்டைக்காரி. துணியெல்லாம் பிரஸ் மூட்டையிலிருந்து வந்ததுதான். மூன்றாவது கட்டத்தில், கொண்டைக்காரியின் நெஞ்சுக்கு ஒரு நீலச் சேலைத் துண்டை வைத்தாள். அதில் எலி கடித்த இடத்தை யாரோ சிவப்பு நூலால், நட்சத்திரம் மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைத்திருந்தார்கள். அவ்வளவு அழகான தையலைத் தையல் டீச்சர் பார்த்ததில்லை. எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று நடுநெஞ்சில் வைத்தாள்.

பிரஸ்ஸில் அதை விரித்துக் காட்டியபோது மீரா சாகிப் மைக்கையைத் துடைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். “நல்லா வந்திருக்கு தங்கச்சி. ஆனா குளத்துத் துணின்னு அந்தப் புள்ளைங்கள்ட்ட சொல்லிட்டியா?”

“எதுக்குண்ணே? துவைச்சு வெயில்ல காயப்போட்ட துணி. நீங்க தினம் தொடுறீங்களே.”

“நான் தொடுறேன், தெரிஞ்சு தொடுறேன். அதுவ தெரியாமத் தொடும். சொல்லிரும்மா.”

சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். சொன்னால் அல்லி வேண்டாம் என்றுவிட்டால்? நாற்பது நாள் தைத்ததைச் சுருட்டிப் பரண்மேல் போட வேண்டுமா? அல்லி அப்படியெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லவில்லை.

எழுபத்தொன்பது மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, இருபது பெண்கள் அந்தப் படச்சீலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மதகுப் பாதையில் நடந்தார்கள். சுசானும் போயிருந்தாள். குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று படத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். இந்த இருபது பேரோடு தானும் ஒருத்தி என்று அன்றைக்கு ஒரு மைல் தூரம் நினைத்துக்கொண்டு நடந்தாள். கடை வாசலில் சீலையை இறக்கி, வாசலை மறித்துக் குறுக்கே பிடித்து நின்றார்கள். அதிகாரி ஒருவர் பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது கட்டத்தின் விளிம்பைப் பிடித்திருந்தவள் செல்லம்மா. அல்லி சொன்ன அதே செல்லம்மா. ஐம்பது வயது, குள்ளம், பெரிய கொண்டை. சீலை இறங்கியதும் கொண்டைக்காரியின் நெஞ்சு அவள் கண்ணுக்கு நேராக வந்தது. அவள் விரலால் அந்தச் சிவப்புத் தையலைத் தடவிப் பார்த்தாள். திரும்பத் திரும்பத் தடவினாள். முகத்தில் ஈயாடவில்லை.

“அல்லி, இது என் சீலைடி,” என்றாள். “எலி கடிச்சத நாந்தான் தச்சேன். போன வருஷம் பூமிநாதனுக்காவ நானும் அவனும் முழுகிட்டு, படியில வுட்டுட்டு வந்தேன். திரும்பிக்கூடப் பாக்கலியே. எப்புடி என் கைக்கு வந்துச்சு?”

பூமிநாதன் அவளுடைய ஒரே மகன். இருபத்திரண்டு வயது. இந்தக் கடையே கதி என்று கிடந்தவன். அவனுக்காகத்தான் முழுகினாள், அவனுக்காகத்தான் அன்றைக்கு மறியலுக்கும் வந்திருந்தாள். அவள் கை சீலையை விட்டது. பக்கத்தில் நின்றவள் விட்டாள். அதற்குப் பக்கத்தில் நின்றவளும் விட்டாள். பன்னிரண்டு கஜமும் மண்ணில் விழுந்தது. ஒருத்தியும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. வாய்க்காலைப் பார்த்து வேகமாக நடந்தார்கள், முழுகுவதற்கு. செல்லம்மா மட்டும் ஓடினாள். கடைக்குள்ளிருந்து யாரோ சீட்டி அடித்தார்கள்.

அல்லி நின்றாள். “இது எங்கேருந்து வந்த துணின்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“நீ இதையெல்லாம் நம்ப மாட்டியே அல்லி.”

“நான் நம்பல. நான் நம்பலங்கிறதுக்காவ செல்லம்மா கையில குடுத்துருவீங்களா?” அல்லி மண்ணில் கிடந்த சீலையைப் பார்த்தாள். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாங்களே எங்க சீலையக் கிழிச்சுக் குடுத்திருப்போம்.”

அவளும் வாய்க்கால் பக்கம் போனாள். பத்தரை மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். மறியல் எங்கே என்று கேட்டார். சாலையில் ஒரு நீளமான துணியும், அதன் பக்கத்தில் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அவர் இறங்காமலேயே திரும்பிப் போனார். கடை வழக்கம்போலத் திறந்துகொண்டது.

பன்னிரண்டு கஜத் துணியை மடிக்க இரண்டு பேர் வேண்டும். சுசான் ஒரு முனையில் கல்லை வைத்துவிட்டு, மறு முனையைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லுக்கு மேல் போட்டு, மறுபடி நடந்து, மறுபடி தூக்கி, ஒற்றை ஆளாக மடித்தாள். குடிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களும் தொடவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் அல்லியின் ஊருக்குப் போனாள். எல்லோரும் மரியாதையாக, “வாங்க டீச்சரம்மா,” என்றார்கள். மணை போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அவள் கொண்டுபோயிருந்த பழத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அல்லி வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். செல்லம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. திட்டியிருந்தால் அழுதிருப்பாள், அழுதிருந்தால் மனசு ஆறியிருக்கும். மரியாதை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை சுசான் படச்சீலையிலிருந்து அந்த நீலத்துண்டை மட்டும் நூல் நூலாகப் பிரித்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு திருநள்ளாற்றுக்குப் பஸ் ஏறினாள். நளன் குளத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினாள். தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு என்ன சொல்வது, எந்தத் திசை பார்த்து முழுகுவது என்று ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். அந்த அம்மாள், “யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?” என்று கேட்டாள். “தெரிஞ்சவங்க பையனுக்கு,” என்றாள் சுசான். நீலத்துண்டைப் படியில் வைத்தாள். அது போதாது என்று தோன்றியது. கட்டியிருந்த சேலையையும் அவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டு, மாற்றுச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று படியேறும்போதுதான் தெரிந்தது.

அதைப் படமாகச் செதுக்கினாள். முதல் கட்டத்தில் கொண்டைக்காரி குளத்துப் படியில் கிடந்த துணியை எடுத்தாள். இரண்டாவதில் தைத்தாள். மூன்றாவதில் இன்னொருத்தி கையில் கொடுத்தாள். நாலாவதில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள், கொண்டை அவிழ்ந்து முடி குளமெங்கும் மிதந்தது. கொக்கைப் போடவில்லை. இடம்வலம் மாறாமல், வலக்கை வலக்கையாகவே விழும்படி, கவனமாகத் திருப்பிச் செதுக்கினாள். மீரா சாகிப் பார்த்துவிட்டு, “இது யாருக்கும்மா வெளங்கும்?” என்றார். பிறகு அவராகவே, “சரி, வெளங்க வேண்டியவங்களுக்கு வெளங்கட்டும்,” என்று அச்சுக்கு எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பிரஸ்ஸில் மை துடைக்கக் குளத்துத் துணி வாங்கவில்லை.

இதழ் வெளிவந்தது. இந்தத் தடவை சிரிப்பு எங்கே என்று கேட்டு நாலு கடிதம் வந்தது. நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு காக்கை குருவிகூட வரவில்லை.

வருடங்கள் போயின. சனியை நம்பாத சுசான், பூமிநாதனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சனிக்குப் பயந்துகொண்டு காலம் தள்ளினாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுப்பாள். ஒருநாள் கடைத்தெருவில் யாரோ “டேய் பூமிநாதா” என்று கூப்பிட, நெல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் திடகாத்திரமாகத் திரும்பினான். சுசான் வெயிலில் நின்று அவன் நாலு மூட்டை இறக்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

கொண்டைக்காரி தொடர்ந்து வந்தாள், ஊர் தொடர்ந்து சிரித்தது. ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மீரா சாகிப் சொல்கிற அந்த ஒரு வரி இப்போது போதவில்லை. சிரிப்பைக் கண்ணால் பார்த்துவிட்டவளுக்குக் காதால் கேட்டால் எப்படிப் போதும்? எண்பத்துமூன்றில் மீரா சாகிப் மவுத்தானார். பிள்ளைகள் பிரஸ்ஸை விற்றார்கள், ‘மடைவாய்’ நின்றது. கொக்கு யார் என்று யாரும் கேட்பதும் நின்றது. ஆர்மானின் கடிதங்கள் வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டையாகச் சுருங்கின, அதில் அச்சடித்த வரிக்குக் கீழே அவன் பெயர் மட்டும் இருக்கும். வா என்று அவனும் இப்போது எழுதுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பக்கத்து வீட்டு ரேடியோவைத் தவிர மனிதக் குரல் கிடையாது. நெஞ்சில் ஓட்டையோடு படச்சீலை பரண்மேல் கிடந்தது. அந்த ஓட்டையை அடைக்க எத்தனையோ துணி கையில் வந்தது, அவள் அடைக்கவில்லை.

எண்பத்தாறு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் அல்லி வந்து நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. கையில் ஒரு பை.

“சாப்பிட்டீங்களாக்கா?” என்றாள், நேற்று வந்துவிட்டுப் போனவள் மாதிரி.

சுசான் கதவை அகலத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அல்லி நடையைத் தாண்டி வந்து நின்றுகொண்டே பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். பச்சை, கட்டிக் கட்டி வெளுத்துப் பஞ்சாகப் போனது.

“பூமிநாதன் பொண்டாட்டி மாசமா இருக்கா, இந்த மாசந்தான். புள்ளையச் சுத்தறதுக்குப் பழஞ்சீலையில நாலு துணி தச்சு வாங்கியாரச் சொல்லுச்சு செல்லம்மா. இது அதோட சீலைதான். நேத்து வரைக்கும் கட்டுனது.”

“என்கிட்டயா? நான்தான் தைக்கிறேன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“செல்லம்மாதானக்கா இங்க போன்னு சொல்லுச்சு.”

சுசான் சேலையை வாங்கினாள். “பூமிநாதன் நல்லா இருக்கானா?”

“குடிக்கிறான். வேலைக்கும் போறான். கடை அங்கேயேதான் இருக்கு.” அல்லி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நீங்க கொளத்துல நிக்கிற படம் செல்லம்மா வீட்டு அடுப்படியில ஒட்டியிருக்கு. வடை சுத்தி வந்துச்சு. நாந்தான் பாத்து எடுத்துக் குடுத்தேன். எண்ணெயும் புகையுமா ஏழு வருஷமா அங்கதான் இருக்கு.”

“ஏழு வருஷமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அல்லி,” என்றாள் சுசான். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“சொல்லியிருக்கலாம்,” என்றாள் அல்லி. “நீங்களும் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.”

சுசான் சேலையை மேஜைமேல் வைத்தாள். “உட்காரேன், சோறு இருக்கு,” என்றாள்.

“மூணு மணி பஸ்ஸ வுட்டா அப்புறம் கெடையாது. வர்ற ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கிறேன்.” வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். “அக்கா, படம் ஏதும் வச்சுத் தச்சுராதீங்க. வெறுந்துணியாவே இருக்கட்டும்னுச்சு. நூலு புள்ள ஒடம்புல உறுத்தும்.”

“சரி,” என்றாள் சுசான்.

பஸ் போயிருக்கும் என்று தெரிந்த பிறகு பச்சைச் சேலையை மேஜையில் விரித்தாள். நாலாக வெட்டினாள். மூலையில் நகம் அளவுக்கு ஒரு கொக்கை வைக்கக் கை துடித்தது. நூல்கூட எடுத்துவிட்டாள். பிறகு அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பதினைந்து வருடமாகப் படமில்லாமல் அவள் எதையும் செய்ததில்லை. ஓரத்தை மெல்லிசாக மடித்து, முடிச்சை வெளிப்பக்கமாக வைத்து, நாலு துணியையும் கையாலேயே தைத்தாள். தைத்து முடித்து ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். எதுவும் உறுத்தவில்லை.